கவுண்ட் சரி என்று சொன்ன பிறகும் வயிற்றுக்குள் துணி தங்குவது எப்படி?

தம்பி, நீங்கள் கேட்டது இது: அம்மாவுக்குக் கருப்பையில் நார்க்கட்டி, அடுத்த மாதம் சென்னையில் கருப்பையை எடுக்கப் போகிறார்கள். "வயிற்றில் பஞ்சை வைத்துத் தைத்துவிட்டார்கள்" என்று ஒரு செய்தியைப் பக்கத்து வீட்டில் யாரோ சொல்ல, அன்றிலிருந்து அம்மா ஆபரேஷனே வேண்டாம் என்கிறார். இது எப்படி நடக்கிறது, ஆஸ்பத்திரியில் எப்படித் தடுக்கிறார்கள், வீட்டார் என்ன கேட்கலாம்?

நான் சென்னையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தவள். இப்போது மாணவிகளுக்கு அந்த வேலையைச் சொல்லித்தருகிறேன். அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: இது அபூர்வமாக நடப்பது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் தன் ஆபரேஷன்களைக் கணக்கெடுத்துப் பார்த்தபோது சுமார் 5,500க்கு ஒன்றில் இப்படிப் பொருள் தங்கியிருந்தது. டாக்டர் எடுத்தே ஆக வேண்டும் என்று சொன்ன கருப்பையை இந்தப் பயத்தால் விட்டுவைத்து, மாதாமாதம் ரத்தம் போய்ச் சோகையில் விழுவதுதான் அவருக்குப் பெரிய கெடுதல். ஆனால் பயத்தைக் குறைக்க வேண்டும் என்பதற்காக "அதெல்லாம் நடக்காது" என்று நான் சொல்ல மாட்டேன். என் கையாலேயே நடந்திருக்கிறது.

செய்திகளில் பஞ்சு என்று எழுதுகிறார்கள். வயிற்றுக்குள் வைப்பது பஞ்சு இல்லை, மாப். ராஜபாளையம் பக்கத்தில் சத்திரப்பட்டி என்ற ஊரில் நெய்கிறார்களே, அந்த மெல்லிய காஸ் துணி. அதைப் பல மடிப்பாக மடித்து, ஒரு சாணுக்கு மேல் சதுரமாகத் தைத்து, ஒரு மூலையில் நாடா வைத்திருப்பார்கள். குடல் வேலை செய்யும் இடத்துக்கு வராமல் ஒதுக்கிவைக்க, ரத்தத்தை ஒற்றியெடுக்க, கசியும் இடத்தை அழுத்திப் பிடிக்க எல்லாவற்றுக்கும் அதுதான். காய்ந்திருக்கும்போது வெள்ளை வெளேரென்று கண்ணில் படும். ரத்தத்தில் ஊறிவிட்டால் கொழுப்பு எது, குடல் எது, துணி எது என்று தெரியாது; ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கி ஒரு மடிப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடும். சின்ன ஆபரேஷனில் பத்து மாப் போதும். ரத்தம் கொட்டுகிற ராத்திரியில் முப்பதைத் தாண்டும்.

இதைத் தடுக்க உலகம் முழுக்க இருக்கும் முதல் வழி எண்ணுவதுதான்; தியேட்டரில் அதைக் கவுண்ட் என்போம். கத்தி வைப்பதற்கு முன் ஒரு எண்ணிக்கை, நடுவில் புது மாப் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் ஒன்று, வயிற்றின் உள்ளுறையை மூடுவதற்கு முன் ஒன்று, தோலைத் தைப்பதற்கு முன் கடைசியாக ஒன்று. கருப்பையைத் திறந்து மூடுகிற சிசேரியனில், கருப்பையை மூடும்போது தனியாக ஒன்று. டியூட்டி மாறினால், போகிறவளும் வருகிறவளும் சேர்ந்து இன்னொன்று. கையுறை போட்டு டாக்டர் பக்கத்தில் நிற்கும் ஸ்க்ரப் நர்ஸும், வெளியே நின்று பொருள் எடுத்துக் கொடுக்கும் சர்குலேட்டிங் நர்ஸும் சேர்ந்து வாய்விட்டு எண்ண வேண்டும். சுவரில் தொங்கும் வெள்ளைப் பலகையில் எழுத வேண்டும். இவ்வளவு எளிதான வேலை எங்கே தவறுகிறது என்றுதானே உங்களுக்குத் தோன்றும்?

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் செய்த ஓர் ஆய்வு 2003இல் வெளியானது. உள்ளே பொருள் தங்கிப்போன 54 நோயாளிகளை எடுத்துப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் துணிதான், மீதி கருவிகள். அதில் நான் மாணவிகளிடம் ஒவ்வொரு வருஷமும் சொல்லும் விஷயம் ஒன்று: எண்ணிக்கை எடுக்கப்பட்ட கேஸ்களில் 88 சதவீதத்தில் "கவுண்ட் சரி" என்றே சொல்லியிருந்தார்கள். மாப் குறைகிறது என்று தெரிந்து மூடியது ரொம்பக் குறைவு. சரியாக இருக்கிறது என்று நம்பித்தான் மூடியிருக்கிறார்கள்.

எனக்கு நடந்ததும் அதுதான். வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருஷம், நைட் டியூட்டி. கருக்குழாயில் கரு தங்கி, குழாய் வெடித்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். வயது இருபத்தாறு. வயிறு முழுக்க ரத்தம், நாடி கிடைக்கவில்லை. திறந்ததும் டாக்டர் கையை நீட்டியபடி மாப், மாப் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் காலத்தில் மாப்பை ஆஸ்பத்திரியிலேயே தைத்து, ஐந்தைந்தாகக் கட்டி, டிரம்மில் போட்டு நீராவியில் கிருமி நீக்கி (ஆட்டோகிளேவ்) வைப்போம். நான் கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாக எண்ணாமல், கட்டுக்கு ஐந்து என்று பலகையில் ஏற்றிக்கொண்டே போனேன். கடைசியில் 25 எழுதியிருந்தது. வெளியே வந்ததும் 25. "கவுண்ட் சரி சார்" என்றேன். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். விடியும்போது எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷம்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல், வயிறு உப்புசம், வாந்தி என்று திரும்ப வந்தாள். மறுபடி திறந்தபோது இடுப்புக் குழிக்குள் ஒரு மாப் இருந்தது. ஒரு கட்டில் ஐந்துக்குப் பதில் ஆறு இருந்திருக்கிறது. நான் எழுதியது கட்டின் கணக்கு. உள்ளே போன துணியின் கணக்கை நான் எடுக்கவே இல்லை. அவள் இரண்டாம் முறையும் பிழைத்தாள். அவளுடைய அம்மா வராந்தாவில் உட்கார்ந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. இதை எழுதும்போதும் கை தயங்குகிறது.

அதனால்தான் இன்றைக்கு மாணவிகளிடம் கண்டிப்பாக இருக்கிறேன். கட்டைப் பிரித்ததும் ஒவ்வொரு மாப்பையும் விரித்து, நாடாவைக் கையில் பிடித்து, ஒன்று, இரண்டு என்று இரண்டு பேரும் சேர்ந்து சொல்ல வேண்டும். ஒரு கட்டில் எண்ணிக்கை தப்பாக இருந்தால், சரிசெய்து பயன்படுத்தக் கூடாது. கட்டையே தியேட்டரைவிட்டு வெளியே அனுப்பிவிட வேண்டும். மாப்பைப் பாதியாக வெட்டவே கூடாது. கல்யாண வீட்டில் வாடகைப் பாத்திரம் திருப்பிக் கொடுக்கும்போது பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் "எல்லாம் இருக்கு" என்ற வார்த்தையை வாங்கிக்கொள்ள மாட்டார், ஒவ்வொரு அண்டாவையும் தட்டிப் பார்த்துத்தான் எடுப்பார். அந்தக் கறார் எங்களுக்கும் வேண்டும்.

இன்னொரு இடம், குப்பை வாளி. நனைந்த மாப்பைக் காலருகே இருக்கும் வாளியில் போடுவார்கள். குவியலாகக் கிடந்தால் இரண்டு ஒட்டி ஒன்றாகத் தெரியும், ஒன்று மடிந்து இரண்டாகத் தெரியும். எடுத்துப் பிரித்து ஐந்தைந்தாக வரிசையாக விரித்துவைக்க வேண்டும். சில ஆஸ்பத்திரிகளில் ஐந்து அறைகள் உள்ள பிளாஸ்டிக் பை தொங்கும், அறைக்கு ஒன்று. காலி அறை இருந்தால் வாசலில் நிற்பவருக்கே தெரியும். விலை அதிகமில்லாத நல்ல ஏற்பாடு. கடைசி எண்ணிக்கை முடியும்வரை குப்பைப் பை, அழுக்குத் துணி மூட்டை எதுவும் தியேட்டர் வாசலைத் தாண்டக் கூடாது. ஒருமுறை சிசேரியனில் ஒரு மாப் குறைந்து அரை மணி நேரம் தேடினோம். கடைசியில் குழந்தை டாக்டர் பிள்ளையை வாங்கிக்கொண்டு போன துணிக்கு அடியில், குழந்தை அறையில் கிடந்தது. பிள்ளையைத் துடைக்கும் அவசரத்தில் யாரோ அதையும் சேர்த்துச் சுற்றியிருக்கிறார்கள். அன்றைக்கு டாக்டர் காத்திருந்தார்.

எல்லா டாக்டரும் காத்திருப்பதில்லை. இதை மறைத்துப் பயனில்லை. ராத்திரி இரண்டு மணி, அடுத்த கேஸ் வெளியே காத்திருக்கிறது, டாக்டர் எட்டு மணி நேரமாக நிற்கிறார். அப்போது இருபத்திரண்டு வயசு நர்ஸ் "சார், ஒன்று குறையுது" என்று சொன்னால், "நல்லா எண்ணிப் பாரும்மா, நான் உள்ளே பார்த்துட்டேன்" என்ற பதில் வரும். இரண்டாவது முறை சொல்லத் துணிச்சல் வேண்டும். மூன்றாவது முறை சொல்ல, அவளுக்குப் பின்னால் ஓர் ஆள் வேண்டும். நான் பார்த்தவரை அந்த ஆள் பெரும்பாலும் மயக்க மருந்து டாக்டர்தான். தலைமாட்டில் நிற்கிற அவர் "கவுண்ட் முடியாமல் நான் எழுப்ப மாட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் தியேட்டரே நிற்கும். அப்படிச் சொன்ன இருவரை எனக்குத் தெரியும். இருவரையும் இன்றும் நினைத்து வணங்குகிறேன்.

அந்தத் துணிச்சலை ஒருவருடைய சுபாவத்துக்கு விடாமல் விதியாக்கியதுதான் உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல். மொத்தம் 19 குறிப்புகள். மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி தியேட்டரைவிட்டுப் போகும் முன் என்று மூன்று நிறுத்தங்கள். மூன்றாவது நிறுத்தத்தில், கருவி, மாப், ஊசி எண்ணிக்கை முடிந்தது என்று நர்ஸ் எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் இதைச் சோதித்து 2009இல் முடிவு வந்தது: ஆபரேஷனுக்குப் பின் இறப்பவர்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தார்கள், சிக்கல்கள் 11இலிருந்து 7 ஆகக் குறைந்தன. அரசு மகப்பேறு ஆஸ்பத்திரிகளுக்கு மத்திய அரசு 2017இல் தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டத்திலும், தனியார் ஆஸ்பத்திரிகள் வாங்கும் என்.ஏ.பி.எச். என்ற தரச் சான்றிதழிலும் இந்தப் பட்டியல் எதிர்பார்க்கப்படுகிறது. ஆனால் ஆபரேஷன் முடிந்து டீ குடிக்கும்போது உட்கார்ந்து எல்லாக் கட்டத்திலும் டிக் போடுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படி நிரப்பிய தாள் யாரையும் காப்பாற்றாது.

எண்ணிக்கை குறைந்தால் அடுத்தது எக்ஸ்ரே. தரமான மாப்பில் பேரியம் கலந்த ஒரு நீல இழை ஓடும். எக்ஸ்ரேயில் அது வளைந்த நாடா போல வெள்ளையாகத் தெரியும். நோயாளி மேஜையில் இருக்கும்போதே எடுக்க வேண்டும். வார்டுக்குப் போன பிறகு எடுத்தால், மறுபடி மயக்கம் கொடுத்துத் திறக்க வேண்டியிருக்கும். படம் பார்க்கும் டாக்டரிடம் "மாப் தேடுகிறோம்" என்று சொல்லியும் ஆக வேண்டும். ஆனால் சாதாரணக் காஸ் துணியில் வீட்டுத் துணி தைப்பதுபோல் தைத்த மாப்பில் அந்த இழை கிடையாது. அதை எக்ஸ்ரேயில் தேடுவது இருட்டில் கறுப்பு நூலைத் தேடுவதுதான். சிறிய ஆஸ்பத்திரிகளில் இன்னும் அந்தத் துணி புழங்குகிறது. இழை உள்ள மாப்புக்குச் சில ரூபாய்தான் கூடுதலாகும். அதில் மிச்சம் பிடிப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஒவ்வொரு மாப்பிலும் பார்கோடு ஒட்டி ஸ்கேன் செய்வது, சிப் வைத்துக் கருவியால் தேடுவது என்று புதியவை வந்திருக்கின்றன. வசதியுள்ள இடங்களில் வைக்கட்டும். அவை இருந்தாலும் கண்ணால் எண்ணுவதை விட முடியாது.

அவசர ஆபரேஷனில் இந்த ஆபத்து சுமார் ஒன்பது மடங்கு என்று அதே 2003 ஆய்வு கண்டது. நடுவில் திட்டம் மாறி வேறு ஆபரேஷன் ஆகிவிட்டால் நான்கு மடங்கு. நோயாளி பருமனாக இருந்தாலும் கூடும். உங்கள் அம்மாவுடையது முன்பே நாள் குறித்துச் செய்வது; அந்தவகையில் நல்லது. சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் தொடங்கி, ரத்தம் நிற்காமல் வயிற்றைத் திறக்க நேர்ந்தால், அங்கே எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

உங்கள் அம்மாவுக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒன்றைச் சொல்கிறேன், இதை யாரும் செய்தியில் எழுதுவதில்லை. பிறப்புறுப்பு வழியாகக் கருப்பையை எடுத்தால், ரத்தம் கசியாமல் இருக்க நீளமான ரோலர் காஸ் துணியை உள்ளே அடைத்து வைப்பது உண்டு; அதைப் 'பேக்' என்பார்கள். வேண்டுமென்றே வைப்பது, பெரும்பாலும் மறுநாள் எடுத்துவிடுவார்கள். தியேட்டரில் வைத்தவர் ஒருவர், வார்டில் எடுக்க வேண்டியவர் இன்னொருவர். நடுவில் டியூட்டி மாறும், கேஸ் ஷீட்டில் ஒரு வரி விட்டுப்போகும், துணி தங்கிவிடும். பிரசவ வார்டில் தையல் போடும்போது வைக்கும் சின்னத் துணியும் இப்படித்தான் தங்குகிறது. அங்கே பலகையும் இல்லை, இரண்டாவது நர்ஸும் இல்லை. பத்து நாள் கழித்துத் துர்நாற்றத்தோடு கசிவு என்று வருவார்கள். அதனால் ஆபரேஷன் முடிந்ததும் நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது: "உள்ளே பேக் ஏதாவது வைத்திருக்கிறீர்களா டாக்டர், எப்போது எடுப்பீர்கள்?" எடுத்ததும் அம்மாவிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நோயாளிக்கே தெரிந்திருப்பது நல்ல காவல்.

ஆபரேஷனுக்கு முன் சர்ஜனைப் பார்க்கும்போது, சண்டைக்குப் போகிற தொனியில்லாமல், "அம்மா பயப்படுகிறார் டாக்டர், மாப், கருவியெல்லாம் எப்படி எண்ணுவீர்கள் என்று ஒரு வார்த்தை அவரிடமே சொல்லுங்களேன்" என்று கேளுங்கள். எக்ஸ்ரேயில் தெரியும் மாப்தான் பயன்படுத்துகிறார்களா என்றும் கேட்கலாம். நல்ல சர்ஜன் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார், அம்மாவின் முகமும் தெளியும். கேள்விக்கே முகம் சுளித்தால், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பிய பிறகு எதைக் கவனிப்பது? காய்ச்சல் விட்டு விட்டு வருவது, தையல் இடத்தில் சீழ் ஆறாமல் இருப்பது, வயிறு உப்பி வாந்தி வருவது, ஒரே இடத்தில் நாளாக நாளாக வலி கூடுவது. இவற்றுக்கு வேறு காரணங்கள்தான் அதிகம். ஆனால் காரணம் கிடைக்காமல் ஆன்டிபயாடிக் மாற்றிக்கொண்டே போனால், "ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா" என்று கேளுங்கள். பருத்தித் துணி உடம்பில் கரையாது. சிலருக்கு உடனே சீழ் கட்டும். சிலருக்கு உடம்பு அதைச் சுற்றி உறை கட்டிவிடும். வருஷக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருந்து, பிறகு ஸ்கேனில் கட்டி போலத் தெரியும், புற்றுநோயோ என்று பயந்து திறப்பார்கள். கோழிக்கோட்டில் 2017இல் சிசேரியன் செய்துகொண்ட ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்த கருவியை 2022இல்தான் எடுத்தார்கள். ஐந்து வருஷம் வலியோடு அலைந்திருக்கிறார்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சுருக்கமாக. 1963இல் அவுரங்காபாத் அரசு ஆஸ்பத்திரியில் கருத்தடை ஆபரேஷனில் துணி உள்ளே தங்கி ஒரு தாய் இறந்துபோனார். 1996இல் உச்ச நீதிமன்றம், உள்ளே துணி இருந்ததே அலட்சியத்துக்குச் சாட்சி, அரசும் பொறுப்பு என்று சொன்னது. தீர்ப்புக்கு 33 வருஷம் ஆனது. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1994இல் சொன்னதை, வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் மாற்றியது. புகாருக்கு இரண்டு வருஷக் கெடு. உள்ளே இருப்பது தெரியவந்த நாளிலிருந்து கணக்கிட இடமுண்டு என்றாலும், 2010இல் ஒரு வழக்கில் ஒன்பது வருஷம் வலியிருந்தும் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய்ச் சொல்லவில்லை என்று கூறி, உச்ச நீதிமன்றம் புகாரைத் தள்ளிவிட்டது. அந்த வழக்கில் புகார் கொடுத்தவர் ஒரு நர்ஸ். வலியை அடக்கிக்கொண்டு வேலைக்குப் போகும் பெண்கள் நம் வீடுகளில் நிறைய. அதனால் இதைச் சொல்கிறேன்.

மருத்துவ ஆவணங்களின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. டாக்டர்கள் அவற்றை மூன்று வருஷம் வைத்திருந்தால் போதும் என்பதும் அதே விதி. துணி அதைவிட நீண்ட காலம் உள்ளே கிடக்கக்கூடும். எனவே டிஸ்சார்ஜ் ஆகும்போதே ஆபரேஷன் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் "மாப், கருவி எண்ணிக்கை சரிபார்க்கப்பட்டது" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆபரேஷன் அன்று நீங்கள் வெளியே காத்திருப்பீர்கள். ஒன்றரை மணி நேரம் என்றது இரண்டரையாகி, வெளியே வந்த டாக்டர் "கவுண்ட் ஒன்று இடித்தது, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மூடினோம்" என்று சொன்னால், ஏன் தாமதம் என்று அவரிடம் கோபப்படாதீர்கள். உள்ளே ஒரு சின்னப் பெண் மூன்றாவது முறையும் "குறையுது சார்" என்று சொல்லியிருக்கிறாள். முடிந்தால் அவள் பெயரைக் கேட்டு, அம்மாவிடம் சொல்லுங்கள்.